நரியின் காலும் கண்டல் வேரும்

சிறு பிள்ளைகளுக்கு வகுப்பறையில் சொல்லப்படும் நாட்டார் கதைகளுள் தந்திரக்காரக் கதைகள் ஒரு தனி வகை. உருவில் சிறியதும் வலிமையில் குறைந்ததும் பெரும்பாலும் பசியோடு அலைவதுமான ஓர் உயிர், தன்னைவிடப் பலமடங்கு பெரிய ஒன்றிடம் அகப்பட்டு, கையால் ஆகாததை வாயால் செய்து தப்பிக்கொள்வதே இவற்றின் பொதுவான அமைப்பு. அவ்வாறு தப்புகிற பாத்திரத்தையே நாட்டாரியல் ஆய்வாளர்கள் ‘தந்திரக்காரன்’ என்று அழைக்கின்றனர். வட அமெரிக்காவின் வின்னெபேகோ மக்களிடையே வழங்கிய கதைகளைத் தொகுத்து 1956இல் போல் ராடின் வெளியிட்ட நூலுக்குப் பிறகு இச்சொல் உலக வழக்கில் நிலைத்தது. தந்திரக்காரன் முழுக்க நல்லவனும் அல்லன், முழுக்கக் கெட்டவனும் அல்லன்; ஒரு கதையில் முதலையை ஏமாற்றுகிற நரியே அடுத்த கதையில் சாயத் தொட்டிக்குள் விழுந்து, நீல நிறத்தோடு அரசாண்டு, ஊளையிட்ட மாத்திரத்தில் அகப்பட்டுக்கொள்கிறது. மேற்கு ஆபிரிக்காவில் அனன்சி என்ற சிலந்தி, மலாய் உலகில் சருகுமான், துருக்கியிலும் மத்திய ஆசியாவிலும் நஸ்ருதீன், தெலுங்கு நாட்டிலும் தமிழகத்திலும் தெனாலிராமன், சிங்களக் கிராமங்களில் அந்தரே என்று ஊருக்கு ஒருவராக இவர்கள் வாழ்கின்றனர்.

இத்தகைய கதைகளை மீளச் சொல்லும்போது அவற்றை நீதிக்கதைகளாக்கிவிடும் பழக்கம் தமிழ்ப் பள்ளிகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அந்தப் பழக்கம் கதையின் சுவையோடு அதன் கல்விப் பயனையும் கெடுத்துவிடுகிறது என்பதும், கதைவளத்திலும் மொழிவளத்திலும் குறைவில்லாத முந்தல் போன்ற ஒரு கரையோர ஊரில் அது வீண் இழப்பு என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, கொழும்பிலிருந்து வரும் நெடுஞ்சாலையின் மீது அமைந்த முந்தலுக்கு மேற்கே முந்தல் களப்பு கிடக்கிறது. களப்பு என்பது கடலோடு தொடர்புடைய, மணல்திட்டால் மறிக்கப்பட்ட உவர்நீர்ப் பரப்பு; இக்களப்பை வடக்கே புத்தளம் களப்போடும் தெற்கே சிலாபத்தோடும் ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் இணைக்கிறது. களப்பின் அந்தப் பக்கம் கரைவலையும் அதை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பும் கொண்ட தமிழ்ச் சைவ ஊரான உடப்பு. இந்தப் பக்கம் கனமூலை, விருதோடை, புளிச்சாக்குளம் முதலிய முஸ்லிம் ஊர்கள். உள்நாட்டுப் பக்கம் தென்னந்தோட்டங்களைத் தாண்டினால் சிங்களக் கிராமங்கள். தெற்கே செல்லச் செல்ல, வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் சிங்களம் படிக்கும் கத்தோலிக்க மீனவர் குடும்பங்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பகுதியினர் தஞ்சம் புகுந்ததும் இம்மாவட்டத்தில்தான். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முசலியிலும் சொல்லப்பட்ட கதைகள் உம்மம்மாமாரின் நினைவில் ஏறி இக்கரைக்கு வந்து சேர்ந்தன. ஆகவே இங்கே தமிழ் மொழிமூல முதலாம் தரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடையே பஞ்சதந்திர நரியைக் கேட்டு வளர்ந்த பிள்ளையும், முல்லா நஸ்ருதீன் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளையும், பாரதக் கதையில் கண்ணன் செய்த சூழ்ச்சிகளைத் திருவிழாக் காலத்தில் கேட்ட பிள்ளையும் அருகருகே இருப்பது இயல்பு.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு கதையை விரிவாகப் பார்ப்பது பயன்தரும். நரியும் முதலையும் பற்றிய இக்கதை இந்தியாவிலும் இலங்கையிலும் பல வடிவங்களில் வழங்குகிறது. 1868இல் மேரி ஃபிரேர் வெளியிட்ட தக்காணக் கதைத் தொகுப்பிலும் அதன் நீண்ட வடிவம் ஒன்று உண்டு. நண்டு தின்ன ஆசைப்பட்ட நரி ஒன்று நீர்க்கரைக்கு வந்து காலை உள்ளே விடுகிறது, காத்திருந்த முதலை அந்தக் காலைக் கவ்விக்கொள்கிறது. நரி அலறவில்லை, மாறாக, தன் காலைப் பிடிப்பதாக நினைத்து வேரைப் பிடித்துவிட்ட முதலையை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்று உரத்துச் சிரிக்கிறது. முதலை காலை விட்டுவிட்டு வேரைக் கவ்வுகிறது. மறுநாள் வந்த நரி, நண்டு இருக்கும் இடத்தில் நீர்க்குமிழி எழும்புவது வழக்கம், இன்று ஒரு குமிழியையும் காணவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. நண்டுதான் இருக்கிறது என்று நரியை நம்பவைக்க எண்ணி முதலை குமிழி விடுகிறது, தான் எங்கே இருக்கிறது என்பதைத் தானே காட்டிக்கொடுக்கிறது. மூன்றாம் தடவை முதலை ஆற்றங்கரை அத்திமரத்தடியில் பழக்குவியலுக்குள் ஒளிந்துகொள்ள, நல்ல பழங்கள் காற்றில் கொஞ்சம் உருளுமே என்று நரி சொல்கிறது. குவியல் உருளத் தொடங்குகிறது.

இக்கதையை முந்தலில் சொல்லுகிற ஆசிரியை ஆற்றங்கரையைக் களப்புக்கரையாகவும் மரவேரைக் கண்டல் வேராகவும் மாற்றிக்கொள்ளலாம். அது வெறும் உள்ளூர்ப் பூச்சாகவும் முடியாது. கண்டல் என்பது உவர்நீர்ச் சேற்றில் வளரும் பல தாவர இனங்களுக்கு வழங்கும் பொதுப்பெயர்; அவற்றுள் சிலவற்றுக்கு நீருக்கு மேலே வளைந்து இறங்கும் தாங்குவேர்கள் உண்டு. மங்கலான நீரில் கணுக்கால் தடிப்பில் நிற்கும் அந்த வேரை ஒரு காலாக மயங்குவது நடக்கக்கூடிய காரியம் என்பதால், ஆற்றங்கரை வடிவத்தைவிடக் களப்புக்கரை வடிவத்தில் முதலையின் ஏமாற்றம் கூடுதல் நம்பகத்தன்மை பெறுகிறது. கண்டலின் வேர்களிடையே நண்டும் இறாலும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்வதால் நண்டு தேடும் நரி அவ்விடத்துக்கு வருவதற்கும் காரணம் கிடைக்கிறது. 1980களிலிருந்து இக்கரை முழுவதும் பரவிய இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகளின் ஒரு பகுதி அழிக்கப்பட்ட வரலாற்றைச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தில் பின்னர் எடுத்துரைக்கவும் இந்த நரி ஒரு வாசலைத் திறந்துவைக்கும். ஆனால் கதை சொல்லும் வேளையிலேயே அதைச் சொல்லத் தொடங்கினால் கதை செத்துவிடும்.

எல்லாக் கதைக்கும் இப்படி உள்ளூர் உடை பொருந்துவதில்லை. அந்தரேயைப் பற்றிச் சிங்களத்தில் மிகப் பரவலாக அறியப்பட்ட கதையில், அரண்மனை முற்றத்தில் பாய்விரித்துச் சீனி காயப் போட்டிருக்கிறார்கள். அது என்ன என்று கேட்ட அந்தரேயிடம் மணல் என்று அரசன் சொல்லிவிடுகிறான். சற்று நேரத்தில் அந்தரேயின் மகன் அழுதுகொண்டு ஓடிவந்து தாய் இறந்துவிட்டாள் என்கிறான். துக்கம் தாங்காத அந்தரே, இனி நமக்கு வாழ்வு ஏது, வாயில் மண்ணைப் போட்டுக்கொள்வோம் மகனே என்று புலம்பியபடி மகனோடு சேர்ந்து பாயில் கிடந்ததை அள்ளி அள்ளி உண்கிறான். அரசனால் தடுக்க முடியவில்லை, ஏனெனில் அது மணல் என்று சொன்னவன் அவனே. புத்தளம் உப்பளங்களுக்குப் பெயர்போன இடம் என்ற காரணத்தால் யாராவது ஆர்வமிகுதியால் சீனியை உப்பாக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் கைப்பிடியிலேயே தந்தையும் மகனும் தண்ணீர் கேட்டு ஓடியிருப்பார்கள். கதையின் இடத்தையும் மரத்தையும் மீனையும் மாற்றலாம், தந்திரம் எந்தக் கீலில் சுழல்கிறதோ அந்தக் கீலை மாற்றக்கூடாது. நரிக்கதையில் அந்தக் கீல் வேர், அந்தரே கதையில் சீனியும் அரசனின் பொய்யும்.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் இத்தகைய கதைகள் பிடிபடுகின்றன என்ற கேள்விக்கு உளவியல் ஒரு தெளிவான விடை வைத்திருக்கிறது. 1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் ஆகியோர் நடத்திய சோதனையில், மாக்ஸி என்ற சிறுவன் சொக்லேற்றை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது தாய் அதை வேறோர் அலுமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான் என்று பிள்ளைகளிடம் கேட்கப்படுகிறது. மிகச் சிறிய பிள்ளைகள் சொக்லேற் உண்மையில் இருக்கும் இடத்தையே காட்டினர். நான்கு முதல் ஆறு வயதுக்குள் படிப்படியாகத்தான், மாக்ஸிக்கு அது தெரியாது, அவன் பழைய இடத்தில்தான் தேடுவான் என்ற விடை வருகிறது. மற்றவர் மனத்தில் இருக்கும் எண்ணம் உண்மைக்கு மாறானதாகவும் இருக்கலாம் என்று உணரும் இந்த ஆற்றலை ‘பொய்நம்பிக்கையை அறிதல்’ என்கின்றனர். முதலை வேர் என்று நம்புகிறது, நரிக்கு அது கால் என்று தெரியும், முதலைக்குத் தெரியாது என்பதும் நரிக்குத் தெரியும்: மூன்றடுக்கான இந்த அறிவு இல்லாமல் கதையில் சிரிக்க முடியாது. முன்பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளை முதலை காலைக் கவ்வியதற்கே பயந்தோ சிரித்தோ நின்றுவிடுவதும், முதலாம் தரத்துப் பிள்ளை முதலை காலை விடும் கணத்தில் சிரிப்பதும் இதனாலேயே. எனவே முன்பள்ளியில் இக்கதை சொல்லவே கூடாது என்பதில்லை, அங்கே அது ஓசைக்காகவும் திரும்பத் திரும்ப வரும் செயலுக்காகவும் சொல்லப்பட வேண்டியது. தந்திரத்துக்காகச் சொல்லவேண்டிய வயது ஐந்துக்குப் பின்னர்.

மூன்று முறை திரும்பவரும் அமைப்பு மொழி கற்பித்தலுக்கு அளிக்கும் வாய்ப்பு பெரிது. குமிழி வருமே, பழம் உருளுமே என்று நரி போடும் பொய்யில், இன்னது இருந்தால் இன்னது நடக்கும் என்ற நிபந்தனை வாக்கியம் மறைந்திருக்கிறது. முதல் இரண்டு தடவை ஆசிரியை சொல்லி மூன்றாம் தடவை நிறுத்தினால், வாக்கியத்தைப் பிள்ளைகளே முடித்துவைப்பார்கள். நான்காம் தடவையாக முதலை எங்கே ஒளியும், நரி என்ன சொல்லும் என்று கேட்டால் வகுப்பு தானாகவே கதை கட்டத் தொடங்கும்: தோணிக்கு அடியில், கரைவலைக்குள், கருவாடு காயும் பாயின் கீழே என்று பிள்ளைகள் சொல்லும் ஒவ்வோர் இடத்துக்கும் நரி ஒரு பொய்யைக் கண்டுபிடித்தாக வேண்டும். கணிதப் பாடத்துக்கு மலாய்ச் சருகுமான் உதவும்; அரசன் விருந்து வைக்கப்போகிறான், எத்தனை பேர் என்று எண்ணவேண்டும் என்று சொல்லி முதலைகளை ஆற்றின் குறுக்கே வரிசையாக நிற்கவைத்து, அவற்றின் முதுகில் எண்ணிக்கொண்டே தாவி அக்கரை சேர்ந்த சருகுமானோடு சேர்ந்து முதலாம் தரப் பிள்ளைகளும் தரையில் கோடு தாண்டி எண்ணலாம்.

நீதியைப் பற்றிய பிரச்சினை இங்கேதான் வருகிறது. கதை முடிந்த உடனே, இக்கதையால் நாம் அறிவது யாது என்ற கேள்வி கரும்பலகையில் ஏறிவிடுகிறது; விடையும் ஆயத்தமாக இருக்கிறது, அதைப் பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்புவிக்கிறார்கள். நரிக்கதையில் அந்த விடை என்னவாக இருக்கும்? பொய் சொன்னால் தப்பலாம் என்பதா, பிறரை எளிதில் நம்பாதே என்பதா, நண்டு தின்ன ஆசைப்படாதே என்பதா? எதைச் சொன்னாலும் அது கதையைவிடச் சிறிதாகவே இருக்கும். கிரேக்க மரபில் ஈசாப்பின் பெயரால் வழங்கும் கதைகளின் இறுதியில் நீதியை ஒட்டவைத்தவர்களும் பெரும்பாலும் பிற்காலத் தொகுப்பாளர்களே. ஒரே கதைக்கு வெவ்வேறு தொகுப்புகளில் வெவ்வேறு நீதிகள் காணப்படுவதிலிருந்து, நீதி கதைக்குள்ளிருந்து முளைத்ததன்று என்பது புலனாகும்.

கதைக்கு நீதி சேர்த்தே தீரவேண்டும் என்ற தவிப்பின் மிகச் சுவையான சான்று பஞ்சதந்திரத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. மந்த புத்தியுள்ள மூன்று அரசகுமாரரை ஆறு மாதத்தில் அரசியலறிவு உடையவராக்குவதாக விஷ்ணுசர்மன் ஏற்றுக்கொண்டு சொன்ன கதைகள் என்பது அந்நூலின் வெளிச்சட்டகம். அதன் முதற்பகுதியில், சிங்கத்துக்கும் எருதுக்கும் இடையே இருந்த நட்பைத் தமனகன் என்ற நரி கோள்மூட்டிக் கெடுக்கிறது. சிங்கம் எருதைக் கொன்றுவிடுகிறது. நரிக்குத் தண்டனை ஏதும் இல்லை, அது அமைச்சுப் பதவியோடு சுகமாக இருக்கிறது. இந்நூல் பாரசீகத்தின் வழியாக எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பாவின் கையால் அரபு மொழிக்குச் சென்று ‘கலீலா வ திம்னா’ ஆனபோது, மூலத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் சேர்ந்துகொண்டது: திம்னா என்ற அந்த நரி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, இறுதியில் தண்டிக்கப்படுகிறது. தந்திரக்காரன் தப்பிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத மனம் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்னரும் இருந்தது என்பதை இது காட்டுகிறது. ஆனால் அந்த அரபு ஆசிரியர் செய்ததற்கும் கரும்பலகைக் கேள்விக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அவர் நீதியை ஒற்றை வரியில் ஒட்டவைக்கவில்லை, வழக்காடினார். குற்றம் சாட்டப்பட்ட நரிக்கும் பேச வாய் கொடுத்தார். நரியும் அந்த வாயை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது.

நான்காம், ஐந்தாம் தரங்களில் நீதிக் கேள்விக்குப் பதிலாக இந்த வழக்கையே நடத்திப் பார்க்கலாம். ஒரு பிள்ளை நரி, ஒரு பிள்ளை நீதிபதி, எருதின் தரப்பில் சிலர், நரியின் தரப்பில் சிலர் என்று வகுப்பு பிரிந்தால், எருது இறந்ததற்கு யார் பொறுப்பு, கோள் சொன்ன நரியா, கேட்ட மாத்திரத்தில் நம்பிய சிங்கமா என்ற கேள்வி தானே எழும். அரபுப் பாடமும் குர்ஆன் மதரசாவும் அறிந்த விருதோடைப் பிள்ளைக்குத் தன் சமூகத்தின் புனித மொழியில் இந்தக் கதைக்கு ஒரு நீண்ட வாழ்வு உண்டு என்பதும், தமிழில் தாண்டவராய முதலியார் 1826இல் இதை உரைநடையில் வெளியிட்டார் என்பதும் தெரியவந்தால், பஞ்சதந்திரம் யாருடைய கதை என்ற வீண் பிரிவினைக்கு இடமிராது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழலில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற ஆசிரியரின் பெருமூச்சு நியாயமானது. ஆயினும் ஒரு தரப்பின் வாதத்தைக் கேட்டு எதிர்வாதம் கட்டும் பயிற்சி வினாத்தாளின் கிரகித்தல் பகுதிக்கும் உதவாமல் போகாது.

பொய்யையும் ஏமாற்றையும் பிள்ளைகள் பழகிக்கொள்வார்களே என்ற அச்சம் பழையது. தன் இலட்சிய நகரில் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க கதைகளைத் தணிக்கை செய்யவேண்டும் என்று பிளேட்டோ எழுதி இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகிறது. அந்த அச்சத்தை முற்றாகத் தள்ளிவிடவும் கூடாது. தந்திரம் எந்தத் திசையில் செல்கிறது என்று பார்ப்பதே அதற்குரிய அளவுகோல். சிறியது பெரியதை ஏமாற்றும்போது பிள்ளைகள் சிரிப்பது, பெரியவர்களால் நாள்தோறும் நடத்தப்படும் தமக்கும் ஒரு வழி உண்டு என்ற ஆறுதலினால்தான். பெரியது சிறியதை ஏமாற்றும்போது அதே தந்திரம் வேறு முகம் கொள்கிறது. கொக்கும் நண்டும் கதையில் வயதான கொக்கு, குளம் வற்றப்போகிறது, உங்களை வேறு நீர்நிலைக்கு எடுத்துச் செல்கிறேன் என்று மீன்களை நம்பவைத்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் தின்கிறது. கடைசியில் நண்டு அதன் கழுத்தைத் துண்டிக்கிறது. பஞ்சதந்திரத்திலும் பௌத்த சாதகக் கதைகளிலும் உள்ள இக்கதையை நரிக்கதைக்கு அடுத்த நாளே சொன்னால், நேற்று நரி பொய் சொன்னபோது சிரித்த வாய் இன்று கொக்கு பொய் சொல்லும்போது ஏன் சிரிக்கவில்லை என்ற வியப்பு பிள்ளைகளிடமே தோன்றும். களப்பில் கொக்கு அசையாமல் நிற்பதை அன்றாடம் பார்க்கும் பிள்ளைகளுக்கு அதன் பொறுமை எதற்கானது என்பது ஏற்கெனவே தெரியும்.

இந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டால் சில கதைகளை ஒதுக்கிவைக்க வேண்டியும் வரும். அந்தரே தன் மனைவி செவிடு என்று அரசியிடமும், அரசி செவிடு என்று மனைவியிடமும் சொல்லிவைத்து, இருவரும் ஒருவர் காதில் ஒருவர் கத்துவதை வேடிக்கை பார்க்கும் கதை நடித்துக்காட்ட மிக வாய்ப்பானது. அதே வகுப்பில் காது மந்தமான ஒரு பிள்ளை இருந்தால் அந்தச் சிரிப்பு யார் மீது விழும் என்பதையும் ஆசிரியர் எண்ணவேண்டும். தெனாலிராமன், மரியாதைராமன் பெயரால் வழங்குவனவற்றிலும் உடற்குறையையும் சாதியையும் பெண்களையும் நகைக்கும் கதைகள் கலந்து கிடக்கின்றன. தொகுப்பு நூலில் அச்சாகியிருக்கிறது என்பதே வகுப்பறைக்குள் அனுமதிச் சீட்டு ஆகாது. முதலையின் முடிவும் இப்படியொரு தீர்மானத்தைக் கேட்கிறது. ஃபிரேரின் வடிவத்தில் முதலை நரியின் வளைக்குள் புகுந்து காத்திருக்க, நரி வாசலில் விறகு அடுக்கி நெருப்பு வைத்துவிடுகிறது. அதை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது வகுப்பின் வயதைப் பொறுத்தது. உருளும் பழத்தோடு நிறுத்திக்கொண்டால் கதைக்கு எந்தக் குறையும் நேராது, முதலையும் நாளைய கதைக்கு உயிரோடு இருக்கும்.

சொல்லி முடித்த கதை பிள்ளைகளின் உடம்புக்குள் போகவேண்டும். குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் தொடங்கிய பாலமந்திரில் பணியாற்றிய கிஜுபாய் பதேக்கா, கதைசொல்லலையே பள்ளியின் முதற் பாடமாக்கியவர். தமிழில் ‘பகல் கனவு’ என்று அறியப்பட்ட அவரது நூலில் வரும் ஆசிரியர், அடங்காத நான்காம் வகுப்பை வழிக்குக் கொண்டுவருவது பிரம்பால் அன்று, கதையால். அமெரிக்காவில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடப் பள்ளியில் நீண்டகாலம் கற்பித்த விவியன் பேலி இன்னொரு படி சென்றார்: பிள்ளை சொல்லும் கதையை ஆசிரியர் அவ்வாறே எழுதிக்கொள்வார், அன்றைக்கே வகுப்பு வட்டமாக அமர்ந்து, சொன்ன பிள்ளையின் தலைமையில் அதை நடிக்கும். இலங்கையிலும் 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம், முதலாம், இரண்டாம் தரங்களை முதலாம் முதன்மை நிலை என்று வகுத்து, அங்கே விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் எழுத்துவேலையைவிடக் கூடுதல் இடம் தந்தது. ஆகவே தரையில் உட்கார்ந்து நரியாகவும் முதலையாகவும் மாறுவதற்கு ஆசிரியை எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஈழத்துச் சிறுவர் அரங்கிலும் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’, சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற நாடகங்கள் இவ்வழியைக் காட்டியிருக்கின்றன. வேடத்துக்குக் கடையில் ஒன்றும் வாங்கவேண்டாம். தென்னை முக்கோணம் எனப்படும் தென்னைச் செய்கைப் பகுதிக்குள் இருக்கும் ஊரில் பன்னாடை நரித்தோலாகும், காய்ந்த தென்னை மட்டை முதலையாகும்.

பிள்ளை திரும்பச் சொல்லும்போது கதை மாறத்தான் செய்யும், அதைத் திருத்தக்கூடாது. முதலைக்குப் பதில் பொலிஸ்காரரும் நண்டுக்குப் பதில் ஐஸ்கிறீமும் வந்துவிடுகிற வடிவத்தில், தந்திரத்தின் கீல் அப்படியே இருக்கிறதா என்பதை மாத்திரம் ஆசிரியை கவனித்தால் போதும். கீல் இருந்தால் பிள்ளைக்குக் கதை புரிந்திருக்கிறது. நாட்டார் கதை நூற்றாண்டுகளாகப் பயணித்ததும் இதே முறையில்தான்.

அந்தப் பயணத்தின் தடயங்கள் இவ்வட்டாரத்திலேயே பதிவாகியிருக்கின்றன. இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், குளங்களைப் பார்க்கப் போன இடங்களில் கதைகளையும் தேடி, பெரும்பாலும் வடமேல் மாகாணக் கிராமங்களிலிருந்து திரட்டியவற்றை 1910 முதல் 1914 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். நரியும் சருகுமானும் சிறுத்தையும் நிறைந்த அத்தொகுதிகளில், கடம்பாவ என்ற ஊர்க்காரரைப் பற்றிய அசட்டுக் கதைகளும் உள்ளன. அவர்கள் தம்மை எண்ணும்போது ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவர் காணாமல் போனதாகக் கலங்குகிறார்கள். தமிழ் வாசகர் உடனே இனம்கண்டுகொள்வர்: வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடரும் ஆற்றைக் கடந்தபின் செய்யும் காரியமும் இதுவே. அந்நூல் 1822இல் லண்டனில் பெஞ்சமின் பாபிங்டனின் மொழிபெயர்ப்போடு அச்சேறியது. வீரமாமுனிவரின் வாழ்க்கைக் குறிப்பைத் தன் ‘தமிழ் புளூடாக்’ நூலில் 1859இல் சேர்த்த சைமன் காசிச்செட்டி பிறந்த கற்பிட்டி, இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. சிங்களப் பிள்ளைகள் அறிந்த மகாதெனமுத்தா என்ற அசட்டுப் பண்டிதருக்கும் சீடர்கள் ஐவரே என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அசடர் கதைகள் தந்திரக்காரக் கதைகளின் மறுபக்கம். பரமார்த்த குருவின் கதையில் தந்திரக்காரன் யார் என்றால், பணம் வாங்கிக்கொண்டு அவர்களை ஒவ்வொருவராக அடித்து எண்ணிக்காட்டும் வழிப்போக்கன்தான்.

இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களம் கற்கும் தமிழ்ப் பிள்ளைக்கும், தமிழ் கற்கும் சிங்களப் பிள்ளைக்கும் இப்பொதுச் சொத்து மிகப் பெரிய வசதி. புதிய மொழியில் புதிய கதையையும் சேர்த்துக் கேட்பது இரட்டைச் சுமை. தெரிந்த கதையைப் புதிய மொழியில் கேட்டால், அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்கு முன்னதாகவே தெரியும், சொல்லுக்குப் பொருளைக் கதையே கொடுத்துவிடும். நரி பிடித்த ஆமை, என் ஓடு காய்ந்துபோய்க் கடினமாக இருக்கிறது, நீரில் ஊறவைத்துத் தின் என்று யோசனை சொல்லி, காலால் அமுக்கியபடி நரி ஊறவைத்தபோது, உன் காலுக்கு அடியிலுள்ள இடம் மட்டும் இன்னும் நனையவில்லை என்று சொல்லித் தப்பும் கதை இரு மொழியிலும் சொல்லத்தக்கது. ஏறக்குறைய பத்து வாக்கியங்களில் முடிவது. வினைச்சொற்கள் யாவும் கையால் காட்டக்கூடியவை. முந்தலில் பக்கத்துச் சிங்களப் பள்ளியும் தமிழ்ப் பள்ளியும் சேர்ந்து ஒரு நாள் இந்த ஆமையை இரு மொழியிலும் நடித்தால், மொழிப் பாடப்புத்தகத்தின் பல உரையாடல்களைவிட அது கூடுதல் பலன் தரும் என்று துணிந்து சொல்லலாம்.

பார்க்கரின் மூன்று தொகுதிகளும் காப்புரிமைக் காலம் கடந்தவை, இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து நரி, சருகுமான் கதைகளில் ஒரு பத்தைத் தெரிந்தெடுத்து, இக்கரையின் பேச்சோசை கெடாத தமிழில் முதலாம், இரண்டாம் தரங்களுக்கு ஏற்றவாறு மீளச்சொல்ல, ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஆசிரியர் இருவர் மூவர் கூடினால் ஒரு தவணை போதும். அதற்கு முன்னதாகவே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: உடப்பிலோ கனமூலையிலோ கதை தெரிந்த ஓர் அம்மம்மாவையோ உம்மம்மாவையோ வகுப்புக்கு அழைத்து வந்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிந்துவையுங்கள். கதை முடிந்ததும் கரும்பலகையில் எதையும் எழுதாதீர்கள்.